கைப்பேசி சொல்லும் மருந்தைத் தெளிக்கலாமா?
செயற்கை நுண்ணறிவை உழவர் பயன்படுத்தும் முறை



சென்னை மாநகரை அடுத்த மாங்காடு, பூவிருந்தவல்லி, குன்றத்தூர் வட்டாரத்தில் வீட்டு மனைகளுக்கு நடுவே இன்றும் பயிர்த் தொழில் நடந்து வருகிறது. மாமரங்கள் நிறைந்த காடாக இருந்ததால் மாங்காடு என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இவ்வூர் 2021ஆம் ஆண்டு நகராட்சியாகிவிட்டது. நிலம் சுருங்கியதால், இருக்கும் நிலத்தில் கீரை, காய்கறி, மல்லிகை போன்ற, விரைவில் பணமாகும் பயிர்களை நம்புவோரே மிகுதி. இத்தகைய பயிர்களில் நோய் கண்ட அன்றே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பு பக்கத்துத் தோட்டக்காரரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்டோம். இப்போது பலரும் கைப்பேசியைக் கேட்கிறார்கள். இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரும், கூடவே மருந்தின் பெயரும் அளவும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகின்றன.

அந்த மருந்தைத் தெளிக்கலாமா? இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. கைப்பேசிக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு எதை அறியும், எதை அறியாது என்று தெரிந்துகொண்டால் விடையை நீங்களே காணலாம். அதற்கு வழி காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன?

ஒரு சிறுவனுக்குக் களையையும் பயிரையும் பிரித்தறிய எப்படிக் கற்றுத் தருகிறோம்? இலக்கணம் சொல்லித் தருவதில்லை. "இது நெல், இது கோரை" என்று நூறு முறை காட்டுகிறோம். பிறகு அவனே கண்டுகொள்கிறான். கணிப்பொறிக்கும் இப்படித்தான் கற்றுத் தருகிறார்கள். நோயுற்ற இலை, நலமான இலை ஆகியவற்றின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். புதிய படம் ஒன்று வந்தால், தான் பார்த்த படங்களில் எதனோடு அது மிகுதியாக ஒத்திருக்கிறது என்று கணக்கிட்டுப் பெயரைச் சொல்கிறது.

கேள்வி கேட்டால் தமிழிலேயே விடை தரும் உரையாடல் செயலிகள் மற்றொரு வகை. இவை படங்களுக்குப் பதிலாக ஏராளமான எழுத்துக்களைப் படித்தவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருத்தமாக வரும் என்று கற்றுக்கொண்டு விடையைக் கோத்துத் தருகின்றன. விடை சரளமாக இருக்கும். சரளமாக இருப்பதாலேயே அது சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பயன் கண்ட இடங்கள்

முதலில் இதன் நன்மைகளைப் பார்ப்போம்.

1. விதைப்புக் காலம்: 2016ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் கர்நூல் மாவட்டம் தேவனகொண்டா பகுதியில் 175 நிலக்கடலை உழவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. சர்வதேச மித வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டும், மைக்ரோசாப்ட் நிறுவனமும், ஆந்திர அரசும் இணைந்து இதனை நடத்தின. 1986 முதல் 2015 வரை 30 ஆண்டுகளுக்கான வானிலைக் கணக்கை ஆராய்ந்து, எப்போது விதைக்க வேண்டும் என்று தெலுங்கில் குறுஞ்செய்தி அனுப்பினர். வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் விதைத்து வந்தவர்கள், செய்தியை ஏற்று ஜூன் கடைசி வாரம் வரை காத்திருந்தனர். இவர்களுக்குச் சராசரியாக 30 விழுக்காடு கூடுதல் மகசூல் கிடைத்ததாக இந்நிறுவனங்கள் தெரிவித்தன. இதற்காக உழவர்கள் ஒரு கருவியையும் விலைக்கு வாங்கவில்லை. சாதாரணக் கைப்பேசியே போதுமானதாக இருந்தது.

2. பூச்சிகளை எண்ணுதல்: பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து மூன்று இரவுகள் விழுந்தால்தான் பொருளாதாரச் சேத நிலையை எட்டியதாகக் கொள்ள வேண்டும். பொறியில் விழுந்த பூச்சிகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்தால் எண்ணிக் கணக்கிட்டுச் சொல்லும் செயலியை மும்பையிலுள்ள வாத்வானி நிறுவனம் உருவாக்கியுள்ளது. இங்கே கருவி செய்வது எண்ணும் வேலை. எண்ணாமல் அச்சத்தால் தெளிக்கும் தெளிப்பு இதனால் மிச்சமாகிறது.

3. மழை அறிவிப்பு: 2025ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் 3.8 கோடி உழவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு வழி கணித்த பருவமழைத் தொடக்கச் செய்தியை அனுப்பியது. அவ்வாண்டு கேரளத்தில் மே 24ஆம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது. ஆனால் பின்னர் இடையில் தேங்கி நின்றது. இத்தேக்கம் வரும் என்பதை அக்கணிப்பு முன்கூட்டியே காட்டியிருந்தது. முதல் மழையை நம்பி விதைத்து, பிறகு முளை கருகி, மீண்டும் விதை வாங்கும் இழப்பை இத்தகைய செய்தி தவிர்க்கும்.

4. மிளகாய்ச் சாகுபடி: தெலங்கானா மாநிலம் கம்மம் மாவட்டத்தில் 7,000 மிளகாய் உழவர்களுக்கு, கைப்பேசி ஆலோசனை, மண் பரிசோதனை, விளைபொருள் தரச் சோதனை ஆகியவற்றை ஒருங்கே அளிக்கும் திட்டம் நடந்தது. ஏக்கர் மகசூல் 21 விழுக்காடு கூடியதாகவும், பூச்சிக்கொல்லி 9 விழுக்காடும் உரம் 5 விழுக்காடும் குறைந்ததாகவும் திட்டத்தை நடத்தியோர் 2023ஆம் ஆண்டு கணக்கு வெளியிட்டனர்.

இந்த நான்கையும் ஒருங்கே நோக்குங்கள். முதல் மூன்றில் கருவி மருந்து எழுதித் தரவில்லை. காத்திருக்கச் சொன்னது, எண்ணிச் சொன்னது, மழையைச் சொன்னது. நான்காவதில் ஆலோசனையோடு மண் பரிசோதனையும் சேர்ந்திருந்தது. படம் ஒன்றை மட்டும் பார்த்து மருந்து சொல்வது இவற்றிலிருந்து வேறுபட்ட செயல். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஆய்வுக்கூடத்தில் 99, தோட்டத்தில் 31

2016ஆம் ஆண்டு மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தனர். 14 பயிர்கள், 26 நோய்கள் அடங்கிய 54,306 இலைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பழக்கினர். பிறகு அதே தொகுப்பில், அதற்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. வேறு சூழலில், வேறு வகையில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது சரியான விடை 31 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது. இதனை அவர்களே தம் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதியுள்ளனர்.

காரணம் எளிது. பழக்கிய படங்களில் ஒவ்வோர் இலையும் பறிக்கப்பட்டு, ஒரே நிறப் பின்னணியில், நல்ல வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. நம் தோட்டத்தில் வெயில் பளபளக்கும், நிழல் விழும், இலைமேல் புழுதி படிந்திருக்கும், ஒரே இலையில் இரண்டு நோய்கள் இருக்கும். அதன் பிறகு செயலிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. தோட்டத்தில் எடுத்த படங்களைக் கொண்டே பலவற்றைப் பழக்குகிறார்கள். எனினும் அடிப்படைப் பாடம் மாறவில்லை. ஓரிடத்தில் பெற்ற மதிப்பெண் மற்றோர் இடத்துக்குப் பொருந்தாது. எனவே, "எங்கள் செயலி 95 விழுக்காடு சரியாகச் சொல்லும்" என்று யாராவது கூறினால், "எந்தப் பயிரில், எந்த ஊரில் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மேலும் ஒன்று. தான் கற்ற நோய்களுக்குள்ளேயே செயலி விடை தேடுகிறது. கற்காத நோய் வந்தால், "தெரியாது" என்று சொல்வதற்கு மாறாக, கிட்டத்தட்ட ஒத்த மற்றொரு நோயின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். திரையில் தோன்றும் விழுக்காடு ஒற்றுமையின் அளவே. உண்மையின் அளவு அன்று.

ஒரே மஞ்சள், மூன்று காரணங்கள்

குண்டுமல்லி பயிரிடுவோர் நன்கு அறிந்த சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலை மஞ்சளாகிறது. இதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உள்ளன.

இரும்புச் சத்துப் பற்றாக்குறை: இளந்தளிர்களே முதலில் மஞ்சளாகும். நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். வேர் நலமாக இருக்கும். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த நிலத்தில் இது மிகுதி. இதற்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து, குறி மறையும் வரை மாதம் ஒரு முறை தெளிக்க வேண்டும்.

வேர் அழுகல்: அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, பின்னர் மேலேறும். செடி வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து அழுகியிருக்கும். நீர் தேங்கும் இடங்களில் மிகுதி. முதலில் வடிகால் எடுக்க வேண்டும். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து செடியைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும்.

நூற்புழுத் தாக்குதல்: செடி வளர்ச்சி குன்றி, ஆங்காங்கே திட்டுத் திட்டாக மஞ்சளாகும். உரமிட்டும் தேறாது. நூற்புழுவைக் கண்ணால் காண இயலாது. வேரும் வேர்ப்பகுதி மண்ணும் பரிசோதனைக்கு அனுப்பியே உறுதி செய்ய வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு இடுதலும், இடையே செண்டுமல்லி பயிரிடுதலும் நூற்புழுவை அடக்க உதவும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்றில் இரண்டுக்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் படமோ மேலே உள்ள இலையின் படம். எவ்வளவு திறமையான கருவியானாலும் படத்தில் இல்லாத வேரை அது பார்க்க முடியாது. நேற்று எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது. வேர் அழுகிய செடிக்கு அன்னபேதி தெளித்துக்கொண்டிருந்தால், மருந்துச் செலவு பெரிதன்று. அந்த இரண்டு வாரத்தில் பக்கத்துச் செடிகளும் போய்விடும்.

ஆகவே மல்லிகையில் மஞ்சள் கண்டால், கைப்பேசியை எடுப்பதற்கு முன் களைக்கொட்டை எடுங்கள். வாடிய செடி ஒன்றின் ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்கள்.

கீரையில் இரட்டை எச்சரிக்கை

முளைக்கீரை, சிறுகீரை போன்றவற்றை விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் பிடுங்கி விடுகிறோம். மாங்காட்டில் மாலையில் கட்டிய கீரை மறுநாள் காலையில் சென்னையில் ஒரு வீட்டின் அடுப்பில் இருக்கும். நெல்லுக்கு உமி உண்டு. வாழைப்பழத்துக்குத் தோல் உண்டு. கீரைக்கு மறைப்பு எதுவும் இல்லை. தெளித்த இலையையே சாப்பிடுகிறோம்.

மருந்துப் புட்டியின் தாளில் காத்திருப்புக் காலம் அச்சிடப்பட்டிருக்கும். தெளித்த நாளிலிருந்து அறுவடைக்கு எத்தனை நாட்கள் பொறுக்க வேண்டும் என்பதே அது. புழு கண்ட கீரைப் படத்தை அனுப்பினால் கைப்பேசி ஒரு மருந்தைச் சொல்லலாம். ஆனால் நீங்கள் நாளை மறுநாள் அறுவடை செய்யப் போகிறீர்கள் என்பதை அது கேட்காமலே சொல்லியிருக்கக்கூடும்.

எனவே கீரையில் கைப்பேசி சொன்ன இரசாயன மருந்தை ஒருபோதும் நேரடியாகத் தெளிக்காதீர்கள். இலை பிணைக்கும் புழு கண்டால், பிணைந்த இலைகளைப் புழுவோடு கிள்ளி அழியுங்கள். மிகுதியாக இருந்தால் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு தெளிக்கலாம். 10 லிட்டர் தெளிப்பானுக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, நீர் சேர்த்து 10 லிட்டராக்க வேண்டும். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

பழைய ஏட்டிலிருந்து வரும் விடை

உரையாடல் செயலிகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அவை படித்த எழுத்துக்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் கட்டுரைகளும் அடங்கும். அக்காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட பல மருந்துகள் இன்று தடை செய்யப்பட்டவை. எண்டோசல்பானுக்கு 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் முதலியவை 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன. எழுத்தில் இவை இன்னும் வாழ்கின்றன. தேதியைப் பார்க்காமல் படித்த ஒருவர் பழைய ஏட்டிலிருந்து மருந்து சொல்வது போலக் கருவியும் சொல்லிவிடக்கூடும்.

அளவிலும் பிழை நேரலாம். "லிட்டருக்கு 5 கிராம்" என்பதும் "10 லிட்டர் தெளிப்பானுக்கு 50 கிராம்" என்பதும் ஒன்றே. ஆனால் விடையில் "லிட்டருக்கு 50 கிராம்" என்று இடம் மாறி வந்தால் பத்து மடங்காகி இலை கருகிவிடும். எனவே எந்த அளவு வந்தாலும், லிட்டருக்கா, தெளிப்பானுக்கா, ஏக்கருக்கா, எக்டருக்கா என்று பார்த்துப் புட்டியின் தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் தாளில் உள்ளதே சரி. அத்தாளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் கவனியுங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும்.

சரியான படம், சரியான கேள்வி

குறைகளைச் சொன்னதால் கருவியை ஒதுக்க வேண்டும் என்று பொருளல்ல. பயன்படுத்தும் முறையைத் திருத்திக்கொண்டால் விடையும் திருந்தும்.

நெல்லில் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதன்று. காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் நம் உடல் நிழலில், பத்து இலைகளை ஒப்பிட்டுப் பார்த்தே தழைச்சத்து இட முடிவு செய்கிறோம். ஓர் இலையைப் பார்த்து யாரும் யூரியா வீசுவதில்லை. அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்.

படம் எடுக்கும்போது:
1. காலை வேளையில், நேர் வெயில் படாத நிழலில் எடுங்கள்.
2. ஓர் இலைக்கு மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என்று எடுங்கள். செம்பேன் போன்றவை இலையின் அடியில்தான் இருக்கும்.
3. முழுச் செடி ஒன்று, வேர் ஒன்று, பாதிப்புப் பரவிய பாத்தி ஒன்று என மேலும் மூன்று படங்கள் எடுங்கள்.
4. நலமான இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

கேள்வி கேட்கும்போது: "மல்லிகை மஞ்சளாகிறது, என்ன மருந்து?" என்று கேட்டால் ஒரு மருந்தின் பெயர் வரும். அதற்குப் பதிலாக இவ்வாறு கேட்டுப் பாருங்கள்: "மாங்காட்டில் குண்டுமல்லி. செடிக்கு நான்கு வயது. இளந்தளிர் மஞ்சள், நரம்பு பச்சை. நான்கு நாட்களுக்கு ஒரு முறை கிணற்று நீர். என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் தோட்டத்திலேயே எப்படிப் பிரித்தறிவது?" இக்கேள்வி மருந்தைக் கேட்கவில்லை, சோதனையைக் கேட்கிறது. விடையை நீங்களே செடியருகே நின்று சரிபார்க்கலாம். கருவியின் உண்மையான பயன் இதுவே.

தெரிந்த கேள்வியால் சோதியுங்கள்

புதிதாக வந்த கூலியாளுக்கு முதல் நாளே முழுத் தோட்டத்தையும் விட்டுவிடுவீர்களா? சிறு வேலை கொடுத்துப் பார்ப்பீர்கள். செயலியையும் அப்படியே சோதியுங்கள். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் குண்டுமல்லியை எப்போது கவாத்து செய்ய வேண்டும்? நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் என்பது பரிந்துரை. செடிக்கு உரம் எவ்வளவு? தொழு உரம் 10 கிலோ. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 60, 120, 120 கிராம். இதனைக் கவாத்துக்குப் பின்னும் ஜூன், ஜூலையிலும் இரண்டாகப் பிரித்து இட வேண்டும். இவற்றுக்கே தவறான விடை தரும் செயலியிடம், உங்களுக்குத் தெரியாததைக் கேட்டு நம்புவது எப்படி?

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: தேதி, நான் நினைத்தது, கைப்பேசி சொன்னது, பின்னர் உறுதியானது. கைப்பேசியைப் பார்க்கும் முன்னரே உங்கள் கருத்தை எழுதிவிட வேண்டும். இல்லையேல் அதன் விடையே உங்கள் விடையாகிவிடும். உறுதி செய்வதற்கு வேரைப் பாருங்கள், வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், அல்லது ஐந்து செடிகளுக்கு மட்டும் மருந்திட்டு, ஐந்து செடிகளை இடாமல் விட்டுப் புதிய தளிரைக் கவனியுங்கள்.

இருபது பதிவுகள் சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள். இருபதில் பதினான்கு கைப்பேசி சரியாகச் சொல்லியிருந்தால், உங்கள் தோட்டத்தில் அதன் தரம் 70 விழுக்காடு. எந்தப் பயிரில் சரி, எதில் தவறு என்பதும் தெரிந்துவிடும். எந்த நிறுவனமும் உங்களுக்குத் தர இயலாத கணக்கு இது. உங்களுடைய சொந்தத் திறமை எத்தனை விழுக்காடு என்பதும் அதே புத்தகத்தில் தெரியும். பல ஆண்டு பழகிய கண் பல நேரங்களில் கருவியை வெல்வதை நீங்களே காணலாம்.

நீரும் நிலமும் காக்க

நம் வட்டாரத்தில் இது வெறும் வரவு செலவுக் கணக்கன்று. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நம் அருகிலேயே இருக்கிறது. 2015 டிசம்பரில் அது நிரம்பி வெள்ளம் பெருகியதையும், 2019 கோடையில் வறண்டு கிடந்ததையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்டோம். தோட்டத்தில் தேவையின்றித் தெளிக்கும் ஒவ்வொரு தெளிப்பும் மழையோடு கிணற்றுக்கும் ஏரிக்கும் இறங்கும். தவறான விடையை நம்பி ஒரு முறை தெளிப்பதும், சரியான கணக்கை நம்பி ஒரு முறை தெளிக்காமல் விடுவதும் இந்த நீரில் முடிகின்றன.

மழைச் செய்தியிலும் ஓர் எச்சரிக்கை. 2025இல் அனுப்பப்பட்டவை தென்மேற்குப் பருவமழைக்கானவை. நமக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வேறு பருவத்துக்கு, வேறு மாநிலத்துக்குச் சொன்ன கணிப்பை இங்கே பொருத்தக்கூடாது. நம் வட்டார வானிலை அறிவிப்பைப் பார்த்து, அடுத்த நாள் மழை இருந்தால் அன்றைய பாசனத்தையும் தெளிப்பையும் தள்ளிப் போடுங்கள். ஒரு ரூபாய் செலவின்றி நீரும் மருந்தும் மிச்சமாகும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கைப்பேசி சொல்லும் நோயின் பெயரை ஐயமாகக் கொள்ளுங்கள், முடிவாகக் கொள்ளாதீர்கள்.
2. மஞ்சள், வாடல் இரண்டிலும் வேரைப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்.
3. மருந்தின் பெயர், தடை, அளவு, காத்திருப்புக் காலம் நான்கையும் புட்டித் தாளிலும் வேளாண் அலுவலரிடமும் சரிபாருங்கள்.
4. கீரையிலும் பிஞ்சு பறிக்கும் காய்கறியிலும் கைப்பேசியின் சொல்லை மட்டும் நம்பித் தெளிக்க வேண்டாம்.
5. நோய் கேட்கும் செயலிக்கு ஆதார் எண், வங்கிக் கணக்கு, ரகசிய எண் எதுவும் தேவையில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள்.
6. மனிதரைக் கேட்க விரும்பினால், 1800-180-1551 என்ற எண்ணில் உழவர் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கட்டுப்பாக்கத்திலும் திரூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு நோயுற்ற செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துச் சென்று காட்டலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கைப்பேசியில் தெரியும் சுரைக்காயும் ஒருவகை ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனால் ஏட்டைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பவனுக்கு ஏடும் உதவும். எனவே உழவர் பெருமக்கள் இப்புதிய கருவியை அஞ்சி ஒதுக்காமலும், கண்ணை மூடி நம்பாமலும், இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கிச் சோதித்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்து அந்தப் புத்தகத்தோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். உங்கள் தோட்டத்தின் கணக்கு, அடுத்த உழவருக்குப் பாடமாகும்.